வதனி கொண்டுவந்த தேத்தண்ணி

மச்சாள்,

இன்று காலை உங்கள் கப்புகள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. நீலப்பூப் போட்ட அந்தக் கப்பும் அதை வைக்கிற பீரிஸும்தான். அளவெட்டியில் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து, வெளியாட்கள் வந்தால் மட்டும் வெளியே வருகிறவை. உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வதனியைப் பண்டத்தரிப்புக்கு என்னோடு கூட்டிவந்த அன்று, அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவற்றைத்தான். எழும்பிக் குசினிக்குள் போய்ப் பார்த்தேன். உங்கள் மகள் முகம் கழுவி, பவுடர் அப்பி, நல்ல சட்டையைப் பின்பக்கம் முன்னுக்கு வரப் போட்டுக்கொண்டு, கப்புகளைத் துடைத்துத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு நின்றாள்.

“என்ன பிள்ளை உது?”

“மிஸ் வாறா. தேத்தண்ணி.”

நேற்று நான் தொலைபேசியில், “ஓம் மிஸ், வாங்கோ, வீட்டிலைதான் நிப்பம்,” என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். இன்று என்ன கிழமை, இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. மிஸ் வந்தால் நீலப்பூக் கப் என்பது மட்டும் மறக்கவில்லை. நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம்.

விஷயம் இதுதான், கேளுங்கள். வதனியைப் போல மூளை வளர்ச்சி குறைந்த பெண்களை அரசாங்கச் செலவில் வைத்துப் பார்க்கிற அந்த இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகி இருக்கிறது. நீங்கள் காத்திருந்து காத்திருந்து, கடைசிவரை காணாமலே போன கட்டில். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களில் யாருக்கு அது மிகவும் அவசியம் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுகிறார்கள். இன்று எங்கள் முறை. எனக்கோ வருகிற மாதம் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நல்லபடியாகத் திரும்பி வந்தாலும் பாரம் தூக்கக்கூடாது, யாருக்கும் பின்னால் ஓடக்கூடாது. இவரோ கைத்தடியோடு கிணற்றடிக்குப் போய்வரவே பாடுபடுகிறார். கட்டில் கிடைக்காவிட்டால் வதனியை யார் பார்ப்பது? அந்த நேரம் பார்த்து இவள் தட்டத்தில் கப் அடுக்குகிறாள்.

முதல் தடவை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் அண்ணை காலமாகி, நீங்களும் பிள்ளையும் தனித்த பிறகுதான் அவளுடைய பெயரைப் பட்டியலில் பதிந்தோம். “நான் கண்ணை மூட முந்தி அவளுக்கு ஒரு கட்டில் வேணும் மச்சாள். வேறை ஒண்டும் வேண்டாம்,” என்றீர்கள். சமூகசேவைக் கந்தோரில் இருந்து ஒரு மிஸ் வீடு பார்க்க வருகிறார் என்று செய்தி வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஆடிய கூத்து! இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். யன்னல் சீலைகளைத் தோய்த்தோம். நான் பயற்றம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். நீங்கள் வதனிக்குப் பாடம் நடத்தினீர்கள். வெறும் தண்ணீரைக் கப்பில் ஊற்றி, தட்டத்தை அவள் கையில் கொடுத்து, குசினியில் இருந்து விறாந்தை வரைக்கும் நடக்க வைத்தீர்கள். சிந்தினால் திரும்பவும் முதலில் இருந்து. நான் கதிரையில் மிஸ் போலக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தேன். “வாங்கோ மிஸ், இருங்கோ, தேத்தண்ணி எடுங்கோ.” அது அவள் வாயில் ஒழுங்காக வருவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “ஒரு சொட்டும் சிந்தக்கூடாது, என்ரை குஞ்செல்லே,” என்று நீங்கள் அவள் பின்னாலேயே நடந்தீர்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதைத்தான் செய்தோம். வேறு ஆயத்தம் எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வெளியாள் வந்தால் நல்லதை விறாந்தையில் வைத்து, குறையைக் குசினிக்குள் மூடி வைப்பதுதானே எங்கள் சனத்தின் பழக்கம்.

மிஸ் வந்தார். வதனி தட்டத்தோடு வந்தாள். சிந்தவில்லை. அவர் கப்பை எடுத்துக்கொண்டு, “கெட்டிக்காரி! அம்மா, வடிவா வளர்த்திருக்கிறியள்,” என்றார். உங்கள் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே. வலிப்பு வருகிறதா என்று அவர் கேட்டதற்கு, “முந்தி வந்தது மிஸ், இப்ப குறைவு,” என்றீர்கள். முதல் நாள்தான் கிணற்றடியில் வலிப்பில் விழுந்து நாக்கைக் கடித்திருந்தாள். மாதவிலக்கு நாட்களில் யாரையும் கிட்ட விடமாட்டாள், கழுவ வந்தவரைப் பிறாண்டுவாள். படலை திறந்து கிடந்தால் வீதிக்கு ஓடிப்போய் நடுவில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுவாள். ஒன்றையும் நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு எட்டு நடந்தால் உங்களுக்கு மூச்சு இளைப்பதையும் சொல்லவில்லை. அவர் போன பிறகு, மிஞ்சின பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, காரியம் வெற்றி என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

சில மாதம் கழித்துக் கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த தம்பி கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவவை வீட்டிலை வைச்சுப் பாக்கலாம் எண்டெல்லோ எழுதியிருக்கு. தன்ரை வேலையளைத் தானே செய்யிறாவாம். வாற ஆக்களுக்குத் தேத்தண்ணியும் குடுக்கிறாவாம். இதைவிட மோசமான ஆக்கள் கனபேர் நிக்கினம் அம்மா,” என்றான். பெயர் பட்டியலில் கீழே போய்விட்டிருந்தது.

திருநெல்வேலிச் சந்தையடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் மேல் பாய்ந்தேன். எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே.

“வலிப்பு வாறதைச் சொல்லியிருந்தா என்ன? உங்கடை வாய்க்கை என்ன கொழுக்கட்டையே கிடந்தது?”

“நீங்களும் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்.”

“நான் மாமி. நீங்களெல்லோ தாய்!”

நீங்கள் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, “அவளைப் பற்றி ஒரு வெளியாள் நல்ல சொல்லுச் சொன்னது அண்டைக்குத்தான் மச்சாள். பஸ்ஸுக்கை, கோயில்லை எல்லாம் விசரி எண்டுதான் கேட்டிருக்கிறன். கெட்டிக்காரி எண்டு கேட்ட உடனை, மற்றது ஒண்டும் எனக்கு வாயிலை வரேல்லை,” என்றீர்கள்.

“அப்ப அந்த நல்ல சொல்லைக் கறி வைச்சுத் தின்னுங்கோ,” என்றேன். நீங்கள் கோபிக்கவில்லை. பஸ்ஸில் யன்னல் பக்கத்தை எனக்குத் தந்தீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை தரம் அந்தக் கந்தோரின் நீள வாங்கில் இருந்திருப்போம்! போகும் நேரமெல்லாம் ஒரு புது முகம். பழையவருக்கு இடமாற்றம் கிடைத்திருக்கும். பிறந்தபோது மூச்சுத் திணறியதில் இருந்து தொடங்கி நீங்கள் திரும்பவும் முழுக்கதையும் சொல்லவேண்டும். இல்லத்துக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறது, இடம் கூடும் என்று ஒரு வருடம் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். சுவர் இருந்தது, கூரை இல்லை. அடுத்த வருடமும் கூரை இல்லை. “நிதி வரேல்லை அம்மா, மேலையிருந்து வந்தால்தான் நாங்களும் செய்யலாம்.” அந்த மேலே எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

கட்டில் எப்போது காலியாகும் என்று ஒருநாள் நீங்களே கேட்டீர்கள். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், ஒளிக்காமல் சொன்னார். “உள்ளை இருக்கிற பிள்ளையள் வெளியிலை போறேல்லை அம்மா. ஆராவது மோசம் போனால்தான்.” அன்று வரும் வழியில் அளவெட்டியில் கோயில் வாசலுக்கு வந்துவிட்டு நீங்கள் உள்ளே போகவில்லை. “என்னத்தைக் கேட்டுக் கும்பிட மச்சாள்? கட்டில் தா எண்டு கேட்டால், ஆரோ ஒருத்தி பெத்த பிள்ளையை எடு எண்டெல்லோ கேக்கிறன்,” என்றீர்கள். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வதனி வாசல் படியில் இருந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கட்டில் வர முந்தி நீங்கள் போய்விட்டீர்கள். மூச்சு இளைப்பை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து, ஒரு பின்நேரம் பாயை விரித்துப் படுத்தவர் எழும்பவில்லை. செத்தவீட்டுக்குச் சனம் வந்து நிறைந்தது. வெளியாட்கள் வந்துவிட்டார்கள் அல்லவா, வதனி அலுமாரியைத் திறந்து கப்புகளை எடுத்தாள். அடுப்பு மூட்டாத வீட்டில் தேத்தண்ணிக்கு எங்கே போவது? பச்சைத் தண்ணீரை ஊற்றி, தட்டத்தில் வைத்து, ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, “வாங்கோ மிஸ், இருங்கோ,” என்றாள். ஆண்களையும் மிஸ் என்றுதான் சொன்னாள். உங்கள் காலடியில் இருந்து நான் குழறி அழுதது உங்களுக்காக மட்டும் இல்லை.

தாய் இல்லாத பிள்ளைக்கு இப்போதாவது முன்னுரிமை கிடைக்கும் என்று கந்தோருக்குப் போனேன். “இப்ப நீங்கள் பாக்கிறியள்தானே? உரித்துக்காரர் பாக்கிற பிள்ளைக்கு அவசரம் எண்டு எழுத ஏலாது அம்மா,” என்றார்கள். அவளைத் தனிவீட்டில் பூட்டிவிட்டு வந்திருந்தால் அவசரம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தபடியால் அவசரம் இல்லை. கோதாரி விழுந்த சட்டம்! மேசையில் அடித்துச் சத்தம் போட்டேன். காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனான்.

இங்கே வந்த நாள் முதல் பின்நேரம் ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அளவெட்டியில் பக்கத்து வீட்டார் நாதஸ்வரம் பழகும் சத்தம் அவளை அடக்கிவைக்கும். இங்கே அது இல்லை, படலைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். நான் உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கப் போனால் மட்டும் பின்னால் வந்து நின்று ஏதாவது சொல்லிவிடுவாள். “கோழி முட்டை விட்டிட்டுது. அம்மாட்டைச் சொல்லுங்கோ.” “மாமா ஏசிப்போட்டார். அம்மாட்டைச் சொல்லுங்கோ.” நீயே சொல்லன் என்றால் மாட்டாள். உங்களோடு கதைக்கும் வழி எனக்குத்தான் தெரியும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒன்றையும் உங்களிடம் சொன்னதில்லை.

இன்றைய கதைக்கு வருகிறேன். இந்த முறை உள்ளது உள்ளபடி காட்டுவது என்று முடிவு எடுத்திருந்தேன். வீட்டைக் கூட்டமாட்டேன், பாத்திரம் கழுவமாட்டேன் என்று இவரிடம் சொன்னேன். “நீ? கூட்டாமல் இருந்து காட்டு பாப்பம்,” என்று சிரித்தார். விடிந்ததில் இருந்து என் கை விளக்குமாற்றைத் தேடித் தேடிப் போனது. எடுப்பேன், வைப்பேன். முற்றத்து மாவிலைச் சருகுகளைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. அதையெல்லாம் ஒருமாதிரி அடக்கிக்கொண்டேன். ஆனால் தட்டத்தை அவள் கையில் இருந்து வாங்க என்னால் முடியவில்லை. மெல்லக் கேட்டேன், பிறகு அதட்டினேன், பிறகு பிடித்து இழுத்தேன். “அம்மா சொன்னவ!” என்று கத்தி, தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அறைக்குள் விட்டுப் பூட்டலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் படலையில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது.

வந்தவர் சின்னப் பிள்ளை, மச்சாள். வெளிநாட்டில் இருக்கிற என் மகளுக்கும் இளையவராக இருப்பார். கதிரையில் அமர்ந்து பேனையை எடுத்து, “அம்மா, ஒரு கட்டில்தான் இருக்கு. கேக்கிறது கனபேர். அதாலை கொஞ்சம் விபரமாக் கேப்பன்,” என்றார். நான் வாயைத் திறக்க, குசினி வாசலில் வதனி.

சட்டை பின்பக்கம் முன்னுக்கு. கையில் தட்டம். கப் நிறையத் தேத்தண்ணி. நான் வாசலில் நின்றபோது இவரைக் கொண்டு சுடுதண்ணீர் ஊற்றுவித்திருக்கிறாள். நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணைக் கப்பை விட்டு எடுக்காமல், ஒவ்வொரு அடியாக வைத்து வருகிறாள். கீழே போடு. போட்டுவிடு பிள்ளை. தடக்கி விழு, கப் உடையட்டும், மிஸ்ஸின் சீலையில் கொட்டட்டும். சத்தியமாக இதைத்தான் நினைத்தேன், மச்சாள். நீங்கள் பழக்கியது பிழையாய்ப் போகவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

அவள் போடவில்லை. மிஸ்ஸின் முன்னால் வந்து நின்றாள். “வாங்கோ மிஸ், இருங்கோ, தேத்தண்ணி எடுங்கோ.”

மிஸ் கப்பை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல பிள்ளையா இருக்கிறா. நல்லாச் செய்யிறா என்ன, அம்மா?”

அதே கதை. அதே கப். அன்றைக்கு நீங்கள் வாயடைத்துப் போன இடம் எதுவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓம் என்று சொல்லத்தான் நாக்கு எழும்பியது. கறி வைச்சுத் தின்னுங்கோ என்று உங்களுக்குச் சொன்ன அதே நாக்கு. உங்கள் படத்தைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன்.

“இதொண்டுதான் மிஸ் அவள் செய்வாள். வேறை ஒண்டும் தெரியாது. வலிப்பு வாறது, போன கிழமையும் விழுந்தவள். மாதவிலக்கு நாளிலை கழுவ விடாள், பாருங்கோ என்ரை கையை. படலை திறந்தால் றோட்டுக்கு ஓடுவாள். எனக்குப் பிறகாலை ஓட ஏலாது. ராவிலை எழும்பி அடுப்பைப் பத்த வைக்கிறாள்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். வெளியாளுக்கு முன்னால், வீட்டுப் பிள்ளையைப் பற்றி. மிஸ் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். வதனி வெறும் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு விளங்கும் என்று நாங்கள் எவருக்கும் எப்போதும் தெரிந்ததில்லை. சிரிப்பு மட்டும் மெல்ல மெல்லப் போய்விட்டது.

“வதனி கூடாதோ, மாமி?”

மிஸ்ஸின் பேனை நின்றது.

“இல்லையடி குஞ்சு. வதனி நல்ல பிள்ளை. மாமிக்குத்தான் ஏலாமல் போச்சு,” என்றேன். அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை. வெளியாளுக்கு முன்னால் அழுதேன், அதுவும் நடந்தது.

போகும்போது மிஸ் படலைவரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “முடிவு எடுக்கிறது நானில்லை அம்மா. ஆனா இவவைத்தான் முதலாவதாப் போடப்போறன். கெதியிலை அறிவிப்பினம்,” என்றார். ஸ்கூட்டியில் ஏறினவர் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “தேத்தண்ணி தந்ததை நான் எழுதேல்லை,” என்றார்.

கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பிள்ளை நல்லாயிருக்கவேண்டும். ஆனால் அவர் போன பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, மச்சாள், ஆத்திரம்தான். அவள் பிறந்ததில் இருந்து முழுசாகக் கற்றுக்கொண்டது அந்த ஒன்று. அதை எழுதாமல் விட்டால்தான் அவளுக்கு ஒரு கட்டில். அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம், பார்க்கிற பெண்களும் அன்பானவர்கள். எல்லாருக்கும் எவர்சில்வர் பேணியில் ஊற்றி வரிசையாகக் கொடுப்பார்கள். அங்கே தட்டம் தூக்க அவளுக்கு வேலை இருக்காது. இருந்தாலும் கப்புகளைத் துணியில் சுற்றி அவளுடைய பையில் வைத்துத்தான் அனுப்பப்போகிறேன். வேண்டாம் என்று சொன்னால் அங்கேயும் சத்தம் போடுவேன்.

உள்ளே வந்தேன். வதனி கப்பைக் கழுவிக்கொண்டு நின்றாள். நான் சொன்னதெல்லாம் அவள் மனதில் நிற்கிறதா, போய்விட்டதா தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பக்கத்தில் போய்ச் சட்டையைக் கழற்றி, சரியான பக்கம் போட்டுவிட்டேன். கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, “மிஸ் நல்ல பிள்ளை எண்டவவெல்லே?” என்றாள்.

“ஓம் குஞ்சு. சொன்னவ.”

“சிந்தேல்லை.”

“இல்லை. சிந்தேல்லை.”

“அம்மாட்டைச் சொல்லுங்கோ.”

வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். அவள் என் சீலைத் தலைப்பை விடவில்லை. அதனால்தான் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து இதை எழுதுகிறேன். அவள் எனக்குப் பின்னால்தான் நிற்கிறாள், நான் எழுதி முடிக்கும்வரை போகமாட்டாளாம்.

சொல்லிவிட்டேன், மச்சாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.